பதிந்ததைத் திருத்துதல்: பவர்பாயின்ட் மேக்ரோவும் தமிழ் ஸ்லைடுகளும்

ஒரே வேலையை நூறு இடங்களில் ஒரே முறையில் செய்ய வேண்டியிருக்கும்போது, அதன் படிகளை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் கணினியே அந்த எழுத்தைப் படித்து வேலையை முடிக்குமாறு அமைப்பதற்கு மேக்ரோ என்று பெயர். நிரல்மொழி அறிந்தவர் மேக்ரோவை நேரடியாக எழுதுவார். அறியாதவர், பதிவுக் கருவியை இயக்கிவிட்டு வேலையைத் தம் கையாலேயே ஒருமுறை செய்து காட்டுவார், அவர் அழுத்திய பொத்தான்களையும் தேர்ந்தெடுத்த பொருள்களையும் மாற்றிய அளவுகளையும் கருவி வரிவரியாக நிரலாக எழுதிக்கொள்ளும். இந்த இரண்டாம் வழி எளிதாகத் தோன்றினாலும், பதிவான மேக்ரோ பெரும்பாலும் அப்படியே பயன்படுவதில்லை. கை என்ன செய்தது என்பதை மட்டுமே பதிவுக் கருவி அறியும். அந்தச் செயலுக்குப் பின்னால் இருந்த நோக்கத்தை அது அறியாது. நோக்கத்தை மேக்ரோவுக்குள் கொண்டுவருவதே திருத்தம். தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர்களுக்கு அந்தத் திருத்தம் ஆங்கிலத்தில் தயாரிப்பவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

விளக்கக்காட்சிக் கோப்பை ஆசிரியர்கள் பேச்சுவழக்கில் குறிக்கும் பிபிடி என்பது, பவர்பாயின்ட் என்னும் மென்பொருளிலிருந்து வந்த பெயர். ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் உருவாக்கிய அந்த மென்பொருள், 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியது. பத்தாண்டுகள் கழித்து வந்த பவர்பாயின்ட் 97இல், ஆபிஸ் தொகுப்பின் பொது நிரல்மொழியான விசுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ், அதாவது வி.பி.ஏ., சேர்க்கப்பட்டது, மேக்ரோவைப் பதிவு செய்யும் வசதியும் அதனுடன் கிடைத்தது. 2003ஆம் பதிப்பு வரை நீடித்த அந்தப் பதிவு வசதி 2007ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. வேர்டிலும் எக்செலிலும் அது இன்றும் இருக்க, பவர்பாயின்டில் மட்டும் பழைய மேக்ரோக்களை இயக்கவும் திருத்தவும் புதியவற்றை எழுதவும் முடிகிறதே தவிர, புதிதாகப் பதிவு செய்ய வழியில்லை. ஆகவே பவர்பாயின்டைப் பொறுத்தவரை, இருக்கும் மேக்ரோவைப் படித்துத் தம் தேவைக்கேற்பத் திருத்தும் திறனே சாதாரணப் பயனருக்கு எஞ்சியிருக்கும் நடைமுறை வழியாகும்.

பதிவுக் கருவி எழுதும் மொழி

இதை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூரில் ஓர் ஆசிரியர், பாளையக்காரர் பூலித்தேவரைப் பற்றிய பாடத்திற்கு நாற்பது ஸ்லைடுகள் கொண்ட பிபிடி ஒன்றைத் தயாரித்திருப்பதாகக் கொள்வோம். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் இடம்பெறும் அந்த வரலாற்றில் அவ்வூருக்கே நேரடிப் பங்கு உண்டு. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்றும் பூலித்தேவரின் முதன்மையான கோட்டைகளாக இருந்து, 1761இல் ஆங்கிலக் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப் கானின் வசமாயின. நாற்பது ஸ்லைடுகளிலும் தலைப்பின் எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, வலப்பக்க மூலையில் பள்ளியின் முத்திரையைப் பொருத்த வேண்டும் என்பது தேவை.

பவர்பாயின்ட் 2003இல் இதன் முதல் ஸ்லைடை மட்டும் கையால் மாற்றி அதைப் பதிவு செய்திருந்தால் கிடைக்கும் நிரலை, ஆல்ட், எஃப்11 ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் நிரல் திருத்தியில் காணலாம். 'ஆக்டிவ்விண்டோ' என்றால் இப்போது திறந்திருக்கும் சாளரம், 'செலக்ஷன்' என்றால் அதில் பயனர் தேர்ந்தெடுத்திருப்பது, 'ஸ்லைடுரேஞ்ச்' என்றால் தேர்வில் உள்ள ஸ்லைடு, 'ஷேப்ஸ்' என்றால் அந்த ஸ்லைடில் உள்ள பொருள்கள், 'ரெக்டாங்கிள் 2' என்றால் அவற்றுள் ஒன்றுக்கு மென்பொருள் தானாக இட்ட பெயர். இவற்றைப் புள்ளிகளால் கோத்து, கடைசியில் 'செலக்ட்' என்று முடியும் வரி, அந்தப் பெயருடைய பொருளைத் தேர்ந்தெடு என்று ஆணையிடுகிறது. அடுத்த வரிகள் அந்தத் தேர்வில் உள்ள எழுத்தின் எழுத்துருவையும் அளவையும் தடிப்பையும் மாற்றுகின்றன.

இந்த நிரலில் உள்ள குறை, அது முழுக்க முழுக்கத் தேர்வைச் சார்ந்திருப்பதே. ஐந்தாம் ஸ்லைடில் தலைப்புப் பெட்டியின் பெயர் 'ரெக்டாங்கிள் 7' என்று இருக்குமானால், 'ரெக்டாங்கிள் 2' என்பதைத் தேடிக் காணாமல் மேக்ரோ பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். அதைவிடக் கெடுதலாக, வேறொரு படத்துக்கு அந்தப் பெயர் இருக்குமானால், சத்தமின்றித் தவறான பொருளை மாற்றிவிடும். பதிவு செய்தவர் மனத்தில் 'தலைப்பு' என்று இருந்தது. கருவியோ அதை ஒரு பெட்டியின் தற்செயலான பெயராகப் பதிந்துவிட்டது.

தேர்வை நீக்கி முகவரியைத் தருதல்

ஆகவே திருத்தத்தின் முதல் படி, 'செலக்ட்' என்று முடியும் வரிகளை நீக்கி, பொருளை அதன் முழு முகவரியால் நேரடியாகக் குறிப்பிடுவதாகும். மாவட்டம், வட்டம், ஊர், தெரு, வீடு என்று ஒரு முகவரி பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவதுபோல, வி.பி.ஏ. மொழியிலும் விளக்கக்காட்சி, அதற்குள் ஸ்லைடு, அதற்குள் பொருள், அதற்குள் எழுத்துச் சட்டகம், அதற்குள் எழுத்துத் தொடர் என்று முகவரி இறங்குகிறது. மென்பொருளின் பகுதிகளை இவ்வாறு அடுக்காகக் காட்டும் அமைப்புக்குப் பொருள்மாதிரி என்று பெயர். 'ஆக்டிவ்பிரசென்டேஷன்' என்று தொடங்கி, வேண்டிய ஸ்லைடின் 'ஷேப்ஸ்' தொகுதிக்குள் உள்ள 'டைட்டில்' என்று குறிப்பிட்டால், பெட்டிக்கு எந்தப் பெயர் இருந்தாலும் அந்த ஸ்லைடின் தலைப்பு கிடைத்துவிடும். நோக்கத்தில் இருந்த 'தலைப்பு' என்னும் கருத்து இப்போது நிரலிலும் வந்துவிட்டது.

இரண்டாவது படி, ஒரு ஸ்லைடுக்கு எழுதப்பட்டதை எல்லா ஸ்லைடுகளுக்கும் விரிப்பது. பதிவுக் கருவி எத்தனை திறமையாக இருந்தாலும் இரண்டு வகை வாக்கியங்களை அதனால் எழுத முடியாது: ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய் என்னும் சுழற்சி வாக்கியம் ஒன்று, இப்படி இருந்தால் மட்டும் செய் என்னும் நிபந்தனை வாக்கியம் மற்றொன்று. கையால் ஒருமுறை செய்யும்போது இந்த இரண்டும் செய்பவரின் மனத்தில் மட்டுமே நடப்பதால், பதிவதற்கு அங்கே எதுவும் இல்லை. திருத்துபவர் 'ஃபார் ஈச்' என்னும் சொல்லால் நாற்பது ஸ்லைடுகளையும் வரிசையாக எடுக்கச் சொல்ல வேண்டும். 'இஃப்' என்னும் சொல்லால் அந்த ஸ்லைடில் தலைப்பு இருக்கிறதா, அதில் எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். படம் மட்டுமே உள்ள ஸ்லைடில் தலைப்பைத் தேடினால் பிழை வரும் என்பதால், நிபந்தனை இல்லாத சுழற்சி பாதியிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது படி, வேண்டாத வரிகளைக் களைவது. எழுத்துரு உரையாடல் பெட்டியைத் திறந்து அளவை மட்டும் மாற்றினாலும், அந்தப் பெட்டியில் உள்ள தடிப்பு, சாய்வு, அடிக்கோடு, நிழல், நிறம் ஆகிய எல்லாவற்றின் அப்போதைய நிலையையும் பதிவுக் கருவி எழுதிவிடும். முதல் ஸ்லைடில் சாய்வெழுத்து இல்லை என்பதற்காக, பன்னிரண்டாம் ஸ்லைடில் நூற்பெயருக்கு இட்ட சாய்வையும் அந்த மேக்ரோ அழித்துவிடக்கூடும். உண்மையில் மாற்ற நினைத்த பண்பு எதுவோ அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவது, நிரலைச் சுருக்குவதற்காக மட்டுமன்றி, கேட்காத மாற்றங்கள் நிகழாமல் தடுப்பதற்காகவும் தேவைப்படுகிறது.

எண்களை உறவுகளாக்குதல்

முத்திரையைப் பொருத்தும் பகுதியில் வேறொரு வகைச் சிக்கல் எழுகிறது. பவர்பாயின்ட் எல்லா நீளங்களையும் பாயின்ட் என்னும் அலகில் அளக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். பழைய 4:3 விகிதத் திரைக்கான ஸ்லைடு 10 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டது, அதாவது 720க்கு 540 பாயின்ட். 80 பாயின்ட் அகலமுள்ள முத்திரையை வலது ஓரத்திலிருந்து 20 பாயின்ட் உள்ளே வைத்தால், அதன் இடது விளிம்பு 620ஆம் பாயின்டில் அமையும். பதிவுக் கருவி அந்த 620 என்னும் எண்ணைத்தான் எழுதி வைக்கும். 2013ஆம் பதிப்பிலிருந்து புதிய கோப்புகள் 16:9 விகிதத்தில், 960 பாயின்ட் அகலத்தில் திறக்கின்றன; அங்கே 620 என்பது மூலை அன்று, மூலையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளிய இடம், பெரும்பாலும் பாடத்தின் எழுத்து இருக்கும் இடம்.

இதைத் திருத்துபவர் 620ஐ 860 என்று மாற்றினால் இன்றைய கோப்புக்குச் சரியாகும், நாளைய கோப்புக்கு மீண்டும் தவறாகும். மாறாக, ஸ்லைடின் அகலத்திலிருந்து முத்திரையின் அகலத்தையும் 20ஐயும் கழித்து வருவது எதுவோ அதுவே இடது விளிம்பு என்று எழுதினால், எந்த அளவுள்ள ஸ்லைடிலும் முத்திரை மூலையில் நிற்கும். ஸ்லைடின் அகலம் பொருள்மாதிரியில் 'பேஜ்செட்அப்' என்னும் பகுதியின் கீழ் 'ஸ்லைடுவிட்த்' என்ற பெயரில் கிடைக்கிறது. பதிவில் வந்த ஒவ்வோர் எண்ணைப் பார்க்கும்போதும், அது தானே முடிவானதா, வேறொன்றைச் சார்ந்து பிறந்ததா என்று கேட்பது திருத்துபவருக்கு நல்ல பழக்கமாகும்.

பழைய படங்களை நீக்கும் வேலையில் எண் இன்னொரு விதமாக ஏமாற்றும். ஒரு ஸ்லைடில் ஐந்து பொருள்கள் இருக்க, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக்கொண்டே வேண்டாதவற்றை நீக்கினால், இரண்டாவது நீங்கியவுடன் மூன்றாவதாக இருந்தது இரண்டாவதாகிவிடும். சுழற்சியோ அடுத்து மூன்றாம் எண்ணுக்குப் போய்விடுவதால், இடம் மாறிய அந்தப் பொருள் சோதிக்கப்படாமலே தப்பிவிடும். ஆகவே நீக்கும் வேலைக்கு மட்டும் ஐந்திலிருந்து ஒன்றுக்குப் பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது அனுபவமுள்ள நிரலாளர்கள் அனைவரும் கைக்கொள்ளும் விதி.

தமிழ் எழுத்தும் வி.பி.ஏ. திருத்தியும்

இதுவரை சொன்னவை எந்த மொழியில் ஸ்லைடு செய்பவருக்கும் பொருந்தும். தமிழுக்கே உரிய சிக்கல்கள், தமிழ் எழுத்தைக் கணினி எவ்வாறு சேமிக்கிறது என்பதிலிருந்து பிறக்கின்றன. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில், தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அகரத்தின் எண் 2949. மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் உண்டு என்பதால், 'வாசுதேவநல்லூர்' என்னும் பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் எட்டாக இருக்க, கணினி எண்ணும் குறிகள் பதினான்கு.

ஒரு வரியின் தொடக்கத்தில் உள்ள ஊர்ப்பெயரைத் தடித்த எழுத்தாக்குவதைப் பதிவு செய்தால், முதற்குறியிலிருந்து பதினான்கு குறிகள் என்று மேக்ரோ எழுதிக்கொள்ளும். அதே மேக்ரோவை நெற்கட்டும்செவல் என்று தொடங்கும் அடுத்த ஸ்லைடில் இயக்கினால், அந்தப் பெயரில் பதினாறு குறிகள் இருப்பதால் கடைசி 'ல்' மட்டும் தடிக்காமல் நிற்கும். பதினான்கு என்னும் எண்ணை நீக்கிவிட்டு, சொல்லின் நீளத்தை அந்த இடத்திலேயே அளந்து தரும் 'லென்' என்னும் செயற்கூற்றை இட்டால், எந்த ஊர்ப்பெயருக்கும் அது பொருந்தும். தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கண்ணால் எண்ணி நிரலில் எழுதக் கூடாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

எழுத்துருவை மாற்றும் வரியிலும் இதுபோன்ற ஒரு நுட்பம் உண்டு. பவர்பாயின்ட் ஒரே எழுத்துத் தொடருக்கு ஆங்கிலம் முதலிய இலத்தீன் எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவையும், சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு இன்னொன்றையும், குறிகள் இணைந்தும் இடம் மாறியும் உருப்பெறும் தமிழ், இந்தி, அரபு போன்ற சிக்கலெழுத்து முறைகளுக்கு மற்றொன்றையும் நினைவில் வைத்திருக்கிறது. 'ஃபான்ட்' என்பதன் 'நேம்' என்னும் பண்பை மட்டும் மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் மாறி, தமிழ்ச் சொற்கள் பழைய எழுத்துருவிலேயே நின்றுவிடக்கூடும். 'நேம்காம்ப்ளெக்ஸ்ஸ்கிரிப்ட்' என்னும் பண்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆங்கில ஸ்லைடுகளுக்காக யாரோ எழுதிய மேக்ரோவை வாங்கிப் பயன்படுத்தும் தமிழர், எல்லாம் சரியாக ஓடியும் எழுத்து மாறவில்லையே என்று திகைப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வரி விடுபட்டிருப்பதே காரணமாகும்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் கண்ணில் படும் தடை, வி.பி.ஏ. நிரல் திருத்தியே தமிழை ஏற்பதில்லை என்பது. ஸ்லைடில் யூனிகோடு தமிழ் அழகாகத் தெரிந்தாலும், அந்தத் திருத்தி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துத் தொகுதிகளை நம்பியே இயங்குவதாலும், விண்டோஸில் தமிழுக்கென அத்தகைய பழைய தொகுதி எதுவும் இல்லாததாலும், அதில் ஒட்டும் தமிழ்ச் சொல் கேள்விக்குறிகளின் வரிசையாக மாறிவிடுகிறது. எண்ணைக் கொடுத்து எழுத்தைப் பெறும் 'சிஎச்ஆர்டபிள்யூ' என்னும் செயற்கூற்றைக் கொண்டு இதைக் கடக்கலாம். 2980, 2990, 3007, 2996, 3021 ஆகிய ஐந்து எண்களை வரிசையாக இணைத்தால் 'தமிழ்' என்னும் சொல் கிடைக்கும். சிறு சொல்லுக்கு இது போதும், பத்திகளுக்கு ஒவ்வாது. அதைவிடச் சிறந்த வழி, தமிழ்ச் சொற்களை நிரலுக்குள் வைக்காமல், கோப்பின் முதல் ஸ்லைடில் ஓர் அட்டவணையாக எழுதி வைத்து, மேக்ரோ அங்கிருந்து அவற்றைப் படித்துக்கொள்ளுமாறு அமைப்பது. இதனால் பள்ளியின் பெயரோ பாடத்தின் பெயரோ மாறும்போது நிரலைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றலாம். நிரல் தெரியாத சக ஆசிரியரும் அதைச் செய்யலாம்.

பழைய எழுத்துருவிலிருந்து விடுதலை

தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் யூனிகோடு பரவுவதற்கு முன் தயாரான ஏராளமான கோப்புகள், பாமினி, வானவில் முதலான எழுத்துருக்களில் கிடக்கின்றன. இவற்றின் முறையில் கணினி சேமிப்பது ஆங்கிலக் குறிகளையே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு மட்டுமே. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்து பாமினியில் 'தமிழ்' என்று தோன்றும். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுவான விசைப்பலகையையும் குறியீட்டு முறைகளையும் வகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை அரசு அலுவலகங்களின் தரமாக ஏற்றது. தரம் மாறினாலும் பழைய கோப்புகள் தாமாக மாறுவதில்லை.

ஸ்லைடுகளில் உள்ள பாமினி எழுத்தை யூனிகோடாக்குவதற்கு மேக்ரோவே ஏற்ற கருவி. பதிவான மேக்ரோ திருத்தப்படாமல் எங்கும் போதாது என்பதை இந்த வேலையைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஒரு குறியைத் தேடி மற்றொன்றால் மாற்றும் செயலை வேண்டுமானால் பதிந்துகொள்ளலாம். ஆனால் கோப்பு முழுவதிலும் அதை இயக்கினால், தமிழுக்கு இடையே உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களும் தமிழ்க் குறிகளாகச் சிதைந்துவிடும். ஆகவே ஒரே வடிவமைப்பில் தொடர்ந்து வரும் எழுத்துப் பகுதியான 'ரன்' ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, அதன் எழுத்துருவின் பெயர் பாமினியாக இருந்தால் மட்டும் மாற்று என்னும் நிபந்தனையைத் திருத்துபவர்தாம் சேர்க்க வேண்டும்.

மாற்றும் வரிசையும் முக்கியமானது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் குறிகளைச் சேமிக்கின்றன. யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. 'கொ' என்பதைப் பாமினி ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறிகளாக இந்த வரிசையில் வைத்திருக்கும். யூனிகோடிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி பிறகும் வர வேண்டும். தனிக் ககரத்தை முதலில் மாற்றிவிட்டால், அதன் இருபுறமும் இருந்த கொம்பும் காலும் உறவற்றுப் பிரிந்து, பிறகு சேர்ப்பதற்குக் கடினமான நிலையை அடையும். மூன்று குறிகளால் ஆனவற்றை முதலிலும், இரண்டால் ஆனவற்றை அடுத்தும், தனிக்குறிகளை இறுதியிலும் மாற்றினால் இந்தச் சிதைவு நேராது. மாற்றம் முடிந்ததும் அந்தப் பகுதிக்கு விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா யூஐ போன்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றைச் சிக்கலெழுத்துப் பண்பில் இட வேண்டும். இல்லையெனில் எழுத்து சரியாக மாறியும் திரையில் சரியாகத் தெரியாமல் போகக்கூடும்.

லிப்ரே ஆபிஸில் நிலைமை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளுக்குத் தனி இடம் உண்டு. 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பின் கணினிப் பயன்பாடுகள் பாடநூல், ஓப்பன் ஆபிஸ் தொகுப்பின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றையே கற்பிக்கிறது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இடம்பெற்றது. ஓப்பன் ஆபிஸிலிருந்து 2010இல் கிளைத்த லிப்ரே ஆபிஸில், மேக்ரோவைப் பதியும் வசதி எழுத்தாவணத்துக்கான ரைட்டருக்கும் விரிதாளுக்கான கால்க்குக்கும் மட்டுமே உண்டு. விளக்கக்காட்சிக்கான இம்ப்ரெஸுக்கு இல்லை. விரிதாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மாறாத முகவரி இருப்பதால் பதிவு ஓரளவு மறுபடி பயன்படுகிறது. ஸ்லைடிலோ பொருள்கள் எங்கும் எப்படியும் வைக்கப்படுவதால், கை சென்ற வழியைப் பதிவதன் பயன் இயல்பாகவே குறைவு.

இம்ப்ரெஸில் பேசிக் மொழியிலோ பைத்தான் மொழியிலோ மேக்ரோவை எழுதலாம். அங்கே ஸ்லைடுகளின் தொகுதிக்கு 'டிராபேஜஸ்' என்று பெயர். தமிழ் எழுத்துருவை மாற்ற 'கேர்ஃபான்ட்நேம்காம்ப்ளெக்ஸ்' என்னும் பண்பையும், அளவை மாற்ற 'கேர்ஹைட்காம்ப்ளெக்ஸ்' என்னும் பண்பையும் பயன்படுத்த வேண்டும். பெயர்கள் வேறாயினும் கருத்து பவர்பாயின்டில் கண்டதேதான். தமிழருக்கு இதில் ஒரு பெரும் வசதி உண்டு. லிப்ரே ஆபிஸின் நிரல் திருத்தி யூனிகோடை ஏற்பதால், தமிழ்ச் சொற்களையும் தமிழ் விளக்கக் குறிப்புகளையும் நிரலுக்குள்ளேயே நேரடியாக எழுதலாம். நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்பதைத் தாய்மொழியில் பக்கத்திலேயே எழுதி வைக்க முடிவது, அதை முதன்முதலில் படிக்கும் மாணவருக்குச் சிறிய உதவியன்று.

சோதனையும் காப்பும்

திருத்திய மேக்ரோவை எடுத்தவுடன் மூலக்கோப்பில் இயக்குவது தவறு. படி ஒன்றை எடுத்து அதில் சோதிக்க வேண்டும். வி.பி.ஏ. திருத்தியில் எஃப்8 விசையை அழுத்த அழுத்த நிரல் ஒவ்வொரு வரியாக நகரும். எந்த வரியில் எந்த ஸ்லைடு மாறுகிறது என்பதைக் கண்ணால் தொடர முடிவதால், புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்னும் பொருளுடைய 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்னும் வாக்கியத்தைச் சேர்த்துப் பிழைச்செய்தியை வாயடைப்பது பலரும் செய்வது. அது பிழையைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. ஸ்லைடு காட்சி ஓடும்போது பொத்தானை அழுத்தி இயக்கும் வினாடிவினா மேக்ரோக்களில், தொகுப்புச் சாளரத்தின் 'செலக்ஷன்' பயன்படாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; அங்கே 'ஸ்லைடுஷோவிண்டோஸ்' என்னும் தனி முகவரி வழியாகவே ஸ்லைடை அடைய முடியும்.

மேக்ரோவுக்கு உள்ள ஆற்றல் தீமைக்கும் பயன்பட்டிருக்கிறது. 1995இல் கான்செப்ட் என்னும் வேர்டு மேக்ரோ வைரஸும், 1999 மார்ச்சில் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிய மெலிசாவும் அதன் தொடக்ககாலச் சான்றுகள். 2007ஆம் பதிப்பிலிருந்து மேக்ரோ உள்ள பவர்பாயின்ட் கோப்புகளுக்கு பிபிடிஎம் என்னும் தனிப் பின்னொட்டு தரப்பட்டது. 2022இல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. உலாவியில் இயங்கும் பவர்பாயின்ட் மேக்ரோக்களை இயக்குவதே இல்லை. பிறரிடமிருந்து வந்த மேக்ரோவை இயக்கும் முன் படித்துப் பார்த்து, கோப்புகளை அழிக்கும் 'கில்', வேறு நிரல்களைத் தொடங்கும் 'ஷெல்' போன்ற சொற்கள் ஸ்லைடு வேலைக்குத் தொடர்பின்றி அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். திருத்தத் தெரிந்தவரே ஆபத்தையும் அறியக்கூடியவர்.

கற்பிக்க வேண்டிய முறை

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் மேக்ரோ ஒன்றை அது நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. பதிவுக் கருவி நீங்கிய இடத்தை அது நிரப்பியதாகவே தோன்றும். ஆயினும் கோப்பைக் காட்டாதவரை அந்தக் கருவிக்கு அதன் நிலை தெரியாது: எந்தத் தலைப்பு பாமினியில் இருக்கிறது, எந்தச் சொல் உண்மையான ஆங்கிலம், எந்த முத்திரை எந்த மூலைக்கு உரியது என்பவற்றைக் கோப்பை வைத்திருப்பவரே அறிவார். பதிந்ததாயினும் எழுதித் தரப்பட்டதாயினும், நிரலைப் படித்து, எந்த வரி எதைச் சார்ந்திருக்கிறது என்று கண்டு, தம் நோக்கத்துக்கேற்ப மாற்றும் வேலை மனிதருக்கே உரியதாக இருக்கிறது.

ஆகவே ஆசிரியர் பயிற்சிகளிலும் மேல்நிலைக் கணினி வகுப்புகளிலும், வெற்றுத் திரையில் நிரல் எழுதக் கற்பிப்பதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் ஒரு மேக்ரோவைக் கொடுத்து அதைத் திருத்தக் கற்பிப்பது பயனுள்ள வரிசையாகும். எக்செலிலோ கால்க்கிலோ ஒரு சிறு செயலைப் பதிந்து, தேர்வைச் சார்ந்த வரிகளை நீக்கச் செய்து, எண்களை உறவுகளாக மாற்றச் செய்து, பிறகு சுழற்சியையும் நிபந்தனையையும் சேர்க்கச் செய்தால், சில வகுப்புகளிலேயே மாணவர் ஸ்லைடுகளின் பொருள்மாதிரிக்கு வந்துவிடுவார். அதன் பயிற்சிப் பொருளாகச் செயற்கையான கணக்குகளைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியின் கணினியிலும் பழைய எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் பாடங்களே போதும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மேக்ரோ ஒன்றை ஒரு வகுப்பு திருத்தி முடித்தால், மாணவர்களுக்கு நிரலறிவும், அந்தப் பள்ளிக்குத் தேடினால் கிடைக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும் தமிழ்ப் பாடங்களும் ஒருசேரக் கிடைக்கும்.